சிங்கராஜாவின் சேற்று மன்னிப்பு

மூங்கில் மண்டிய ஒரு காட்டில், குழந்தைகளே, வேலையே இல்லாத ராஜா ஒருவர் இருந்தார். சிங்கம்தான். பெயர் செம்பிடரியார். அவருடைய பிடரி மயிர் செக்கச்செவேல் என்று இருக்கும். அவர் கர்ஜித்தால் மூங்கில் இலைகள் பொலபொலவென்று உதிரும். ஆனால் காட்டை ஆண்டது அவர் அல்ல. விலங்குகள் கூடித் தேர்ந்தெடுத்த சபைதான் ஆண்டது.

அது ஏன் அப்படி என்று கேட்பீர்கள். செம்பிடரியாரின் தாத்தா காலத்தில் ராஜா சொன்னதுதான் சட்டம். ஒரு மழைக்காலத்தில் தவளைகள் கத்தியதில் தாத்தா சிங்கத்தின் தூக்கம் கலைந்துவிட்டது. "தவளைகள் எல்லாம் நாட்டை விட்டுப் போகவேண்டும்!" என்று உத்தரவு போட்டார். இன்னொரு நாள் அவர் எதிரே மான் ஒன்று தும்மிவிட்டது. "மான்கள் எல்லாம் இனிமேல் பின்பக்கமாகத்தான் நடக்கவேண்டும்!" என்றார். பாவம், மான்கள் அப்படியே நடந்து பார்த்துக் குளத்தில் விழுந்தன.

அதற்குப் பிறகுதான் விலங்குகள் ஒன்றுகூடிப் புதுச் சட்டம் செய்தன. ராஜா ராஜாவாகவே இருக்கலாம். மாலை போட்டுக்கொள்ளலாம். திருவிழாவைத் தொடங்கி வைக்கலாம். பொழுது விடிந்தால் கர்ஜிக்கலாம். மற்றதெல்லாம் சபையின் பொறுப்பு.

ஒரே ஓர் அதிகாரம் மட்டும் ராஜாவிடம் மிச்சம் இருந்தது. அதுதான் மன்னிப்பு. ஒரு விலங்கு தப்புச் செய்தால் சபை அதை விசாரிக்கும், தண்டனை கொடுக்கும். அந்த விலங்கு மனம் வருந்தினால், "இவரை மன்னிக்கலாம்" என்று சபை ராஜாவிடம் சொல்லும். ராஜா அதன் தலையில் தம் பாதத்தை வைத்து, "மன்னித்தேன்" என்பார். தண்டனை நீங்கிவிடும்.

செம்பிடரியாருக்கு அந்த வார்த்தையின் மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவர் ராஜாவான நாளிலிருந்து சபை ஒருவரைக்கூட மன்னிக்கச் சொல்லவில்லை. காட்டில் யாரும் பெரிய தப்பு எதுவும் செய்யாததுதான் காரணம். எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்களே என்று ராஜாவுக்கு ஒரே வருத்தம்.

ஒருநாள் அவர் உலாவப் போனபோது கல் ஒன்றில் கால் இடறியது. உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்லின் மேல் பாதத்தை வைத்து, "கல்லே, உன்னை மன்னித்தேன்!" என்றார்.

கல் பேசாமல் கிடந்தது.

"நன்றி சொல்லக்கூடத் தெரியவில்லையே! பரவாயில்லை, அதையும் சேர்த்து மன்னித்தேன்" என்றார் ராஜா.

இதைப் புதருக்குள் இருந்து நரி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் நைச்சியன். குழைந்து குழைந்து பேசியே காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் நரி அது.

அந்த நரிக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. மூங்கில் புதரடியில் சிவப்பாயி என்ற காட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த முட்டைகளை நினைத்தாலே நரிக்கு வாயில் நீர் ஊறும். ஆனால் பிறர் முட்டையைத் தொட்டவரை ஆற்றுக்கு அப்பால் துரத்திவிடவேண்டும் என்பது காட்டின் சட்டம். ஆற்றுக்கு அப்பால் வெறும் பாறையும் முள்ளும்தான். அந்தப் பயத்தால் நரி இத்தனை நாளும் எச்சிலை விழுங்கிக்கொண்டு போயிற்று.

ராஜா கல்லை மன்னித்ததைக் கண்டதும் நரிக்கு ஒரு யோசனை பளிச்சென்று தோன்றியது. வாலைச் சுருட்டிக்கொண்டு ராஜாவின் முன்னால் போய் விழுந்தது.

"மகாராஜா! கருணைக் கடலே! அடியேனை மன்னிக்கவேண்டும்!"

ராஜா குதூகலத்தோடு, "எழுந்திரு, எழுந்திரு! என்ன தப்புச் செய்தாய்?" என்றார்.

"இன்னும் செய்யவில்லை, மகாராஜா."

"செய்யவில்லையா?" ராஜாவின் முகம் வாடிப்போயிற்று. "அப்படியென்றால் போய்ச் செய்துவிட்டு வா."

"செய்துவிட்டு வந்தால் சபை குறுக்கே வந்துவிடுமே! விசாரணை என்பார்கள், சாட்சி என்பார்கள். சபைத் தலைவரான அந்த ஆமை வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்குள் மாங்காய் பழுத்துவிடும். தங்களுடைய கருணை அதுவரை வரிசையில் நிற்பதா? கேட்ட பிறகு கொடுப்பவர் சாதாரண ராஜா. தப்புச் செய்யும் முன்பே மன்னிப்பவர் அல்லவா மகாராஜா!"

ராஜா பிடரியைச் சிலிர்த்துக்கொண்டார். "கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சபை சொல்லாமல் நான்…"

"தங்கள் தாத்தா யாரைக் கேட்டார்?"

"யாரையும் கேட்கவில்லை."

"அவருடைய ரத்தம்தானே தங்கள் உடம்பில் ஓடுகிறது?"

அவ்வளவுதான். ராஜா பக்கத்தில் இருந்த செம்மண் சேற்றில் பாதத்தை முக்கினார். நரியின் முதுகில் 'சப்'பென்று பதித்தார். "இனி நீ செய்வதையெல்லாம் இப்போதே மன்னித்தேன்!" என்றார். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நரி நேராகக் கோழியிடம் போகவில்லை. முதலில் மன்னிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க நினைத்தது. மொந்தையன் என்ற கரடி மரத்தடியில் உட்கார்ந்து பலாப்பழம் தின்றுகொண்டிருந்தது. நரி அதன் கையில் இருந்த பழத்தைப் பிடுங்கிக்கொண்டது.

"அடேய்!" என்று கரடி கையை ஓங்கியது.

நரி முதுகைத் திருப்பிக் காட்டியது. "பார், ராஜாவின் பாதம்! நான் செய்யும் தப்பெல்லாம் ஏற்கெனவே மன்னித்தாயிற்று."

ஓங்கிய கை அப்படியே நின்றது. கரடிக்குச் சாப்பாட்டில் மட்டும்தான் புத்தி போகும். ஆனாலும் ராஜாவின் பாதத்தை அதற்கு அடையாளம் தெரியும். அது ராஜாவிடம் ஓடிப்போய், "மகாராஜா, நரி என் பலாப்பழத்தைத் தின்றுவிட்டது!" என்று முறையிட்டது.

"தெரியும், அதை மன்னித்துவிட்டேன்" என்றார் ராஜா பெருமையாக. "உனக்கும் ஒன்று வேண்டுமா?"

கரடி தலையைச் சொறிந்து யோசித்தது. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது.

முதுகில் ஈரம் காய்வதற்குள் கரடி தேனீக்களின் மரத்தில் ஏறிவிட்டது. கூட்டைப் பிய்த்தது. தேனீக்கள் 'ங்ங்ங்' என்று கிளம்பி வந்தன. கரடி நிதானமாக முதுகைத் திருப்பி, "பாருங்கள், ராஜாவின் பாதம்!" என்று காட்டியது.

தேனீக்கள் பார்த்தன. பாதத்தின் மேலேயே கொட்டின.

"மன்னிப்பு! மன்னிப்பு இருக்கிறது!" என்று கரடி அலறிக்கொண்டு ஓடியது. தேனீக்களுக்கு அது காதில் விழவில்லை. கரடியின் மூக்கு சுரைக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

இதைத் தாவடியான் என்ற குரங்கு மரத்தின் மேலிருந்து பார்த்தது. பிறர் வைத்திருப்பது தனக்கும் வேண்டும் என்பது அந்தக் குரங்கின் குணம். அது கிளைக்குக் கிளை தாவி, "ராஜா முதுகில் பாதம் வைக்கிறார்! பாதம் வாங்கினால் எதையும் எடுக்கலாம்! ஓடி வாருங்கள்!" என்று காடெங்கும் கத்தியது.

கொஞ்ச நேரத்தில் ராஜாவின் குகை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. குரங்கும் காட்டுப்பன்றியும் வந்தன. முயல் வந்தது. நரியின் மாமன், மச்சான் எல்லாரும் வந்தார்கள். முள்ளம்பன்றியும் வந்தது, அதன் முதுகில் பாதம் வைத்துவிட்டு ராஜா "ஆ!" என்று கத்தினார். "அதையும் மன்னித்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜாவான நாளிலிருந்து அவர் இப்படி வேலை செய்ததே இல்லை. பாதம் வலித்தது. மனம் மட்டும் மத்தளம் கொட்டியது.

பிறகு காடு என்ன ஆயிற்று தெரியுமா? பன்றி முள்ளம்பன்றியின் வளையைத் தோண்டியது. முள்ளம்பன்றி முயலின் கிழங்கைத் தின்றது. முயல், போகிற போக்கில் யாருடைய வாலையாவது கடித்துவிட்டு ஓடியது. இத்தனை நாளும் பயந்து பயந்து வாழ்ந்ததற்கு அது பழி தீர்த்துக்கொண்டது. யார் யாரைத் திட்டினாலும் எதிரில் இருப்பவர் முதுகைத் திருப்பிக் காட்டினார். அன்று அந்தக் காட்டில் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்க்க முடிந்தது.

இந்தக் குழப்பத்தில் நைச்சியன் நரி கோழியின் முன்னால் போய் நின்றது.

"சிவப்பாயி அக்கா, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். முட்டை சாப்பிட வந்திருக்கிறேன்."

"தொட்டுப் பார். ஆற்றுக்கு அப்பால் போவாய்" என்றது கோழி.

நரி முதுகைக் காட்டியது. கோழி அதை இந்தக் கண்ணால் ஒருமுறை, அந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்தது.

"பாதம் உன் முதுகில் இருக்கிறது. முட்டை என் வயிற்றடியில் இருக்கிறது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

"ராஜா என்னை மன்னித்துவிட்டார், அக்கா!"

"நான் உன்னை மன்னிக்கவில்லையே!" என்று சொல்லி, கோழி நரியின் மூக்கில் நறுக்கென்று கொத்தியது. சிவப்பாயி ஒரு பிடிவாதக்காரி. அடையில் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காது.

நரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொத்தியது தப்பு! உன் முதுகில் பாதம் இல்லை, ஞாபகம் இருக்கட்டும். என் மச்சான்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாலு பக்கமும் எப்படிக் கொத்துவாய் என்று பார்க்கலாம்" என்று கறுவிவிட்டுப் போயிற்று.

நாலு பக்கமும் கொத்தக் கோழியால் முடியாது. அடையை விட்டு எழுந்து போகவும் முடியாது. அது கழுத்தை நீட்டி, "சபைத் தலைவரே! கல்லோட்டாரே! முட்டைக்கு ஆபத்து!" என்று பலம்கொண்ட மட்டும் கத்தியது.

கல்லோட்டார் என்பவர் ஆமை. சபையின் தலைவர் அவர்தான். காட்டின் சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பொறுமையே உருவானவர். குளத்தில் இருந்த அவர் காதில் கோழியின் கூப்பாடு விழுந்தது. "இதோ… வந்துவிட்டேன்…" என்று உடனே புறப்பட்டார். புறப்பட்டார் என்றால், ஒரு காலை எடுத்து வைத்தார்.

அந்த நேரத்தில் குரங்குக்கு அலுப்புத் தட்டிவிட்டது. எல்லாரிடமும் எடுத்தாயிற்று; எடுக்க வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தபடி ராஜாவின் குகைக்குள் நுழைந்தது. ராஜா களைத்துப்போய்ப் பாறைத் திட்டின் மேல் படுத்திருந்தார். குரங்கு அவர் வாலைப் பிடித்து ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. பின்னாலேயே வந்த பன்றி அவருடைய புல் மெத்தையை உருவிக்கொண்டது. வீங்கிய மூக்கோடு வந்த கரடி, ராஜாவுக்காகச் சபை அனுப்பிவைத்த மதிய உணவில் கையை விட்டது.

ராஜா துள்ளி எழுந்தார். "என்ன துணிச்சல்! உங்களையெல்லாம் தண்டிக்கிறேன் பார்!"

"தண்டிப்பது சபையின் வேலை, மகாராஜா. தங்களுடைய வேலை மன்னிப்பது. அதைத்தான் செய்துவிட்டீர்களே!" என்று குரங்கு ஊஞ்சலை நிறுத்தாமலே முதுகைக் காட்டியது.

"அப்படியானால் மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்!"

"கொடுத்ததைத் திரும்பக் கேட்பதா? சேச்சே, ராஜா செய்கிற காரியமா இது?" என்றது பன்றி.

கரடி வாய் நிறையச் சாப்பாட்டோடு ஏதோ சொன்னது. யாருக்கும் புரியவில்லை.

ராஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. குகையை விட்டுப் பாய்ந்து ஓடினார். வாலில் குரங்கு தொங்கிக்கொண்டே வந்தது. ஆமை எங்கே, ஆமை எங்கே என்று தேடிக்கொண்டு போனவர், பாதி வழியில் நடந்துகொண்டிருந்த கல்லோட்டார் மேல் தடுக்கி விழுந்தார்.

"கல்லோட்டாரே! எனக்கு அதிகாரமே இல்லை என்று உடனே சொல்லுங்கள்!"

"அரசே…" என்றார் ஆமை. "பேச… நேரமில்லை. கோழியிடம்… போகிறேன்."

"நீங்கள் போய்ச் சேருவதற்குள் என் வால் அறுந்துவிடுமே!"

"அப்படியானால்… தூக்கிக்கொள்ளுங்கள்."

ராஜா ஆமையைத் தலையில் வைத்துக்கொண்டார். தலையில் ஆமை, வாலில் குரங்கு. இப்படி ஒரு ராஜா ஓடுவதைக் கண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? காடு முழுவதும் பின்னாலேயே ஓடிவந்தது.

மூங்கில் புதரடியில் நரிக் கூட்டம் கோழியைச் சுற்றி நின்றது. கோழி இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு முன்னும் பின்னும் கொத்திக்கொண்டிருந்தது. நைச்சியன் பின்பக்கமாகப் போய் ஒரு முட்டையின் மேல் காலை வைத்துவிட்டது.

"நில்…" என்றார் ஆமை.

"எதற்கு நிற்கவேண்டும்? என்னிடம் மன்னிப்பு இருக்கிறது" என்றது நரி.

"எதற்கு… மன்னிப்பு?"

"இந்த முட்டையைத் தின்றதற்கு."

"தின்றுவிட்டாயா?"

"இல்லை. இனிமேல்தான்."

"அப்படியானால் தின்ற தப்பு இன்னும் நடக்கவில்லை. நடக்காத தப்புக்கு… மன்னிப்பு எப்படி வரும்?"

நரி உடனே, "சரி, இதோ தின்றுவிடுகிறேன். தப்பு வந்துவிடும். மன்னிப்புத்தான் முதுகில் தயாராக இருக்கிறதே!" என்று வாயைத் திறந்தது.

"தின்றால் சபை விசாரிக்கும். தண்டனை கொடுக்கும். நீ மனம் வருந்துகிறாயா என்று பார்க்கும். அதன் பிறகு சபை சொன்னால்தான்… ராஜா மன்னிக்கலாம். சபை சொல்லாமல் ராஜா வைத்த பாதம், சட்டத்தின்படி… சேறு."

நரி சட்டென்று ராஜாவின் பக்கம் திரும்பியது. குரலைத் தேனாகக் குழைத்தது. "கேட்டீர்களா, மகாராஜா! தங்கள் திருப்பாதத்தைச் சேறு என்கிறார். எல்லார் எதிரிலும் சொல்கிறார். தாங்கள் ராஜாவா, இல்லை இந்த ஆமைக்கு வாகனமா? 'அது மன்னிப்புதான்' என்று தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்!"

காடே ராஜாவைப் பார்த்தது. குரங்குகூட ஆடுவதை நிறுத்திவிட்டது.

மன்னிப்புதான் என்று சொன்னால் தாத்தாவைப் போல ராஜா ஆகிவிடலாம். சேறு என்று சொன்னால், தமக்கு எந்த அதிகாரமும் தனியாக இல்லை என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும். ராஜா நரியைப் பார்த்தார். பிறகு கோழியைப் பார்த்தார்.

கோழி மெதுவாகச் சொன்னது: "மகாராஜா, சீக்கிரம் சொல்லுங்கள். உள்ளே ஒன்று ஓட்டைக் கொத்துகிறது."

எல்லாரும் காதைத் தீட்டினார்கள். 'டொக், டொக்' என்று சின்னச் சத்தம் கேட்டது. நரி கால் வைத்திருந்த முட்டையில்தான்.

ராஜா மூச்சை இழுத்தார். "சேறு!" என்று கர்ஜித்தார். "அது சேறு! இவன் முதுகில் இருப்பது சேறு, உங்கள் எல்லார் முதுகிலும் இருப்பது சேறு! அப்படி மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இல்லவே இல்லை!"

மூங்கில் இலைகள் மழைபோலக் கொட்டின. அவர் வாழ்நாளில் அப்படிக் கர்ஜித்ததே இல்லை. குரங்கு வாலை விட்டுவிட்டுக் கீழே விழுந்தது. நரியின் மச்சான்கள் ஓட்டம் பிடித்தார்கள். நைச்சியனும் ஓடப் பார்த்தது. கோழி எகிறி அதன் தலையில் உட்கார்ந்துகொண்டு கொத்து கொத்து என்று கொத்தியது. அடையிலிருந்து அது எழுந்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அது எழுந்த இடத்தில், ஓட்டை உடைத்துக்கொண்டு ஒரு குஞ்சு தலையை நீட்டியது.

அங்கேயே சபை கூடியது. எடுத்ததையெல்லாம் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கவேண்டும், தோண்டிய வளையைத் தோண்டியவரே சீராக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. முயல், கடித்த வால்களையெல்லாம் தேடிப்போய்த் தடவிக்கொடுக்கவேண்டும்.

நைச்சியனைப் பார்த்து, "செய்ததற்கு வருந்துகிறாயா?" என்று ஆமை கேட்டார்.

"வருந்துகிறேன். நேராக முதலில் இங்கேயே வந்திருக்கவேண்டும். பலாப்பழத்தில் நேரத்தை வீணாக்கிவிட்டேன்" என்றது நரி.

முட்டையைத் தொட்டதற்காக அதை ஆற்றுக்கு அப்பால் துரத்திவிட்டார்கள்.

"சபை சொல்லாமல் பாதம் வைத்தது… ராஜாவின் தப்பு" என்றார் ஆமை அடுத்தபடியாக.

"ஒப்புக்கொள்கிறேன்" என்ற ராஜா, தம் பாதத்தை மெல்லத் தூக்கித் தம் தலையிலேயே வைக்கப் போனார். "என்னை நானே மன்…"

"கூடாது!" என்று காடே கத்தியது.

ஆகவே ராஜாவுக்கும் தண்டனை கிடைத்தது. எல்லார் முதுகிலும் இருந்த சேற்றை அவரே தேய்த்துக் கழுவிவிடவேண்டும். ராஜா குளக்கரையில் உட்கார்ந்து கழுவு கழுவு என்று கழுவினார். முள்ளம்பன்றியின் முறை வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

கடைசியாகக் கரடி வந்தது. அதன் வீங்கிய மூக்கின் மேல் வழிந்து கண்ணீர் சொட்டியது. "தேனீக்களின் வீட்டைப் பிய்த்துவிட்டேன். என்னால் திருப்பிக் கட்டிக்கொடுக்க முடியவில்லை. மெழுகை ஒட்டிப் பார்த்தேன், என் கையில்தான் ஒட்டுகிறது. எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது" என்று விம்மியது.

சபை கூடிப் பேசியது. பிறகு ஆமை ராஜாவின் பக்கம் திரும்பினார். "அரசே… இவரை மன்னிக்கலாம் என்று சபை சொல்கிறது."

ராஜாவுக்குக் கைகால் ஓடவில்லை. "நிஜமாகவா? சபையே சொல்கிறதா? பிறகு சேறு என்று சொல்லமாட்டீர்களே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பாதத்தைச் சுத்தமாகக் கழுவினார். கரடியின் தலையில் மெதுவாக வைத்தார்.

"மன்னித்தேன்."

கரடி ஓவென்று அழுதது. ராஜாவும் அழுதார். முன்பு எத்தனையோ முதுகுகளில் பாதம் வைத்தபோது வராத நிம்மதி, இந்த ஒரு தலையில் வைத்தபோது அவருக்கு வந்தது.

தேனீக்கள் மட்டும் கரடியோடு வெகுநாள் பேசவில்லை. ராஜா மன்னித்தால் தண்டனைதான் போகும். தேனீக்களின் கோபத்தைப் போக்கும் வேலை கரடியுடையது. அது தினமும் அந்த மரத்தடிக்குப் போய், கொஞ்சம் தள்ளியே நின்று, வணக்கம் சொல்லிவிட்டு வந்தது.

நீதி: நடந்த பிழைக்கு வருந்துகிறவரை மன்னிக்கலாம், நடக்கப்போகும் பிழையை முன்கூட்டியே மன்னிப்பவர் அந்தப் பிழைக்குக் கூட்டாளி ஆகிறார்.